பிஎஸ்4 ப்ரோவில் 4கே டிஸ்க் ஓடுமா? அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும்

#1 நொய்யல்கரை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வீட்டுக்கு 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். ஏற்கெனவே என்னிடம் ஒரு பிஎஸ்4 ப்ரோ (சோனியின் பிளேஸ்டேஷன் கேம் கன்சோல்) இருக்கிறது. மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். தீபாவளிக்கு வரும்போது மூன்று 4கே ப்ளூ-ரே டிஸ்க் வாங்கி வருகிறேன் என்றார். அவை பிஎஸ்4 ப்ரோவில் ஓடுமா என்பதுதான் என் கேள்வி. டிவி வாங்கிய கடையில் கேட்டேன். "கன்சோல் அட்டைப்பெட்டியிலேயே 4கேன்னு போட்டிருக்கே, தாராளமா ஓடும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

அப்பா 31 வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, டிஜிட்டல் புரொஜெக்டர் வந்த வருடம் நின்றுகொண்டார். இப்போது வயது 74. முழங்கால் வலி, தியேட்டர் படி ஏற முடிவதில்லை. மச்சான் வாங்கப்போகும் மூன்றில் ஒன்று, அப்பா 70 எம்எம்மில் ஓட்டிய பாலைவனப் படம். அதை ஒருமுறை நல்ல தரத்தில் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

#2 தட்டுவடை (சேலம்)

ஓடாது நண்பரே. பிஎஸ்4 ப்ரோவின் ட்ரைவ் சாதாரண ப்ளூ-ரே வரைதான் படிக்கும். அதில் 4கே என்று போட்டிருப்பது கேமுக்கும் நெட்ஃப்ளிக்ஸ், யூட்யூப் மாதிரி ஆப்களுக்கும்தான். மச்சான் டிஸ்க் வாங்குவதற்கு முன் நீங்கள் ட்ரைவுக்கு ஒரு வழி பாருங்கள்.

#3 கருந்திரை (சென்னை)

தட்டுவடை சொன்னது சரி. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழப்பத்தில் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

சாதாரண ப்ளூ-ரே படம் 1920க்கு 1080 புள்ளிகள், மொத்தம் சுமார் 20 லட்சம். 4கே டிஸ்க்கில் 3840க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம். அவ்வளவையும் அடக்க டிஸ்க்கே வேறு. இரண்டு அடுக்கில் 66 ஜிபி, மூன்று அடுக்கில் 100 ஜிபி. படத்தைச் சுருக்கியிருப்பது எச்இவிசி முறையில். மூன்றாவது அடுக்கைப் படிக்கும் ட்ரைவ், டிஸ்க்கில் போட்டிருக்கும் நகல் தடுப்புப் பூட்டைத் திறக்கும் உரிமம், எச்இவிசியை விரிக்கும் சிப் மூன்றும் இருந்தால்தான் ஓடும். அப்டேட் போட்டு வரவழைக்கிற விஷயம் இல்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கன்சோல் என்பது வீட்டுக்குள் நல்ல படம் வந்த வாசல். 2000-இல் பிஎஸ்2 வந்தபோது பல வீடுகளில் அதுதான் முதல் டிவிடி ப்ளேயர். 2006 ஜூனில் அமெரிக்காவில் வந்த முதல் தனி ப்ளூ-ரே ப்ளேயரின் விலை கிட்டத்தட்ட 1,000 டாலர். அதே வருடம் நவம்பரில் பிஎஸ்3 499, 599 டாலருக்கு ப்ளூ-ரே ட்ரைவோடு வந்தது. அந்த நீல லேசருக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஐரோப்பாவுக்கு பிஎஸ்3 2007 மார்ச்சில்தான் போனது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பக்கம், ப்ளூ-ரேக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடிக்கான ட்ரைவைத் தனியாக 199 டாலருக்கு விற்றார்கள், யுஎஸ்பி வழியாகச் சொருக வேண்டும். 2008 ஜனவரியில் வார்னர் பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் போனது, பிப்ரவரியில் டோஷிபா எச்டி டிவிடியையே கைவிட்டது. கேம் ஆட வாங்கிய பெட்டிகள் சேர்ந்து ஒரு டிஸ்க் வடிவத்தை ஜெயிக்க வைத்தன என்றே நான் நினைக்கிறேன்.

பிஎஸ்3-இன் அருமை அதோடு நிற்கவில்லை. 2007-இல் ஒரு அப்டேட்டில் டிவிடியை 1080 வரை பெரிதாக்கிக் காட்டியது. 2008-இல் டிஸ்க்கோடு இணைய வசதியைச் சேர்த்த ப்ளூ-ரே ப்ரொஃபைல் 2.0, 2010-இல் 3டி ப்ளூ-ரே. தனி ப்ளேயர் வாங்கியவர்கள் புதிய பெட்டி வாங்க வேண்டியிருந்தபோது, பிஎஸ்3 வைத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிஎஸ்4 ப்ரோவில் 4கே ட்ரைவ் வைக்காமல் விட்டார்கள். 2016 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் 299 டாலரில் 4கே டிஸ்க் ஓட்டியது. மூன்று மாதம் கழித்து வந்த பிஎஸ்4 ப்ரோ ஓட்டவில்லை. ப்ளூ-ரேயை வீடுவீடாகச் சேர்த்த நிறுவனமே அப்படிச் செய்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

#4 வல்லினம் (பெங்களூரு)

எல்லாம் சரி, ஆனால் இதற்காக இன்னொரு பெட்டி எதற்கு? பிஎஸ்4 ப்ரோவிலேயே நெட்ஃப்ளிக்ஸ் 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் நிறமும் கூடுதலாகக் காட்டும் முறை) வருகிறது. அப்பாவுக்குப் பிடித்த தமிழ்ப் படங்கள் டிஸ்க்கில் 4கே தரத்தில் கிடைக்கிறதா? தேடினால் விரல்விட்டு எண்ணக்கூட வராது. டிஸ்க் அங்கிருந்து சுமந்து வர வேண்டும், தூசி, கீறல், வைக்க இடம். நான் என் ப்ளூ-ரேக்களை எல்லாம் போன வருடம் கொடுத்துவிட்டேன், ஒரு நாளும் வருந்தவில்லை.

#5 தட்டுவடை (சேலம்)

தமிழ்ப் படங்களைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்பது ஒரு குறிப்பிட்ட 70 எம்எம் படம்.

நெட்ஃப்ளிக்ஸ் 4கேவுக்குக் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 15 மெகாபிட். 4கே டிஸ்க்கில் 128 எம்பிபிஎஸ் வரை போக இடம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முகங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. மணல் பறக்கும் காட்சி, மழை, பழைய ஃபிலிமின் துகள், இருட்டறையில் ஒரு விளக்கு, இவற்றில் தெரியும். இருட்டுச் சுவரில் கட்டம் கட்டமாகத் திட்டு விழுகிறதே, அது தரவு போதாமல் வருவது. பாலைவனப் படம் என்கிறார், முழுக்க மணல்.

இன்னொன்று. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 2021 ஆகஸ்ட் 31-உடன் படம் விற்பதையும் வாடகைக்குத் தருவதையும் நிறுத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் நிறுத்தியது. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் நிறுத்த முடியாது.

#6 வல்லினம் (பெங்களூரு)

மணல் காட்சி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். எனக்குத் தினசரி பார்ப்பதற்கு ஸ்ட்ரீமிங் போதும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் ஆபரேட்டராக இருந்தவர் கண் வேறு. நொய்யல்கரை, நீங்கள் டிஸ்க்கே வாங்குங்கள்.

#7 யாழ்_நிலா (யாழ்ப்பாணம்)

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பிஎஸ்5 எடுக்க யோசிக்கிறேன். ட்ரைவ் இல்லாத மொடலை எடுத்துவிட்டுப் பிறகு ட்ரைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம் என்று அண்ணா சொல்கிறார். அது எல்லா பிஎஸ்5-க்கும் சரிவருமா? கனடாவில் இருந்து சித்தி அனுப்பிய சாதாரண ப்ளூ-ரே கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. இங்கே வாங்கும் கன்சோலில் அவற்றைப் பாவிக்கலாமா?

#8 செந்தோசாக்காற்று (சிங்கப்பூர்)

நிலா, எல்லாவற்றுக்கும் சரிவராது. 2020-இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷனில் ட்ரைவைப் பிறகு சேர்க்க வழியே கிடையாது. 2023 நவம்பரில் வந்த மெலிந்த மாடலிலும், 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும்தான் கழற்றி மாட்டும் ட்ரைவ். ப்ரோவில் அது பெட்டிக்குள் வராது, தனியாக வாங்க வேண்டும். மாட்டியதும் ஒருமுறை இணையத்தில் இணைத்து ட்ரைவைக் கன்சோலோடு பதிய வேண்டும், அதற்குப் பிறகுதான் படிக்கும்.

ரீஜன் (எந்த நாட்டு டிஸ்க் எங்கே ஓடும் என்ற பிரிவு) விஷயம் கொஞ்சம் கவனம். கேமுக்கு ரீஜன் பூட்டு இல்லை, அதனால் படத்துக்கும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ப்ளூ-ரேக்கு உண்டு. கனடா, சிங்கப்பூர் எல்லாம் ஏ. இங்கிலாந்து பி. இந்தியா, இலங்கை சி. டிஸ்க் உறையின் பின்பக்கம் சின்ன அறுகோணத்துக்குள் எழுத்து இருக்கும். ஏ, பி, சி மூன்றும் இருந்தால் எங்கேயும் ஓடும். ஏ மட்டும் இருந்தால் உங்கள் ஊர்க் கன்சோலில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும்.

நொய்யல்கரை, இது உங்களுக்கும்தான். 4கே பெட்டிக்குள் கூடவே ஒரு சாதாரண ப்ளூ-ரேயும் வைத்திருப்பார்கள். அது ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க் ஓடும், பயப்படாதீர்கள்.

#9 நொய்யல்கரை (கோவை)

எல்லோருக்கும் நன்றி. பிஎஸ்5-க்கு இப்போது கை எட்டாது. உள்ளூரில் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் விற்கிறார், நல்ல நிலையில் இருக்கிறது. எடுக்கலாமா? வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

#10 கருந்திரை (சென்னை)

எடுக்கலாம். முதலில் முன்பக்கம் டிஸ்க் போடும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் ட்ரைவே இல்லாத ஒன் எஸ் ஒன்றும் விட்டார்கள், போட்டோவில் சட்டென்று வித்தியாசம் தெரியாது. இதே காரணத்துக்காக எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸும் உங்களுக்கு ஆகாது. ஒன் எஸ் தயாரிப்பு 2020 கடைசியிலேயே நின்றுவிட்டது, அதனால் எந்தப் பெட்டியும் சில வருடம் உழைத்ததுதான். கையோடு ஒரு 4கே டிஸ்க் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. லென்ஸ் தேய்ந்திருந்தால் டிவிடி ஓடும், 100 ஜிபி டிஸ்க் பாதியில் நின்றுவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்டோரில் ப்ளூ-ரே ப்ளேயர் ஆப்பை இறக்க வேண்டும். அது இல்லாமல் டிஸ்க் போட்டால் படம் ஓடாது.

டால்பி விஷன் (எச்டிஆரில் இன்னொரு வகை) பற்றி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ், பிஎஸ்5 எதுவுமே டிஸ்க்கில் டால்பி விஷன் காட்டாது. ஆனால் டால்பி விஷன் உள்ள 4கே டிஸ்க்கில் அடியில் எச்டிஆர்10 இருக்கும், படம் அதில் ஓடும். டால்பி விஷனே வேண்டும் என்றால் தனி ப்ளேயர்தான். தனி ப்ளேயருக்குப் பெயர்போன ஓப்போ நிறுவனம் 2018-இல் ப்ளேயர் செய்வதையே விட்டுவிட்டது. கடையில் தேடினால் அவ்வளவாக மிச்சமில்லை. அதனால்தான் ட்ரைவ் உள்ள கன்சோலை விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

#11 சுருதிப்பெட்டி (மதுரை)

சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஏவி ரிசீவர் (ஒலியைப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸில் ப்ளூ-ரே அமைப்புக்குள் ரிசீவரே ஒலியைப் பிரிக்கட்டும் என்று ஒரு டிக் உண்டு. பிஎஸ்5-இல் டிஸ்க் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி ஆடியோ ஃபார்மட்டை பிட்ஸ்ட்ரீம் ஆக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி உள்ள டிஸ்க் போட்டும் ரிசீவரில் அட்மாஸ் விளக்கு எரியாது.

பழைய ரிசீவர் என்றால் இன்னொரு சிக்கல். எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான நகல் தடுப்பு முறை) இல்லாத ரிசீவரை நடுவில் வைத்தால் 4கே டிஸ்க்கின் படம் 4கே தரத்தில் டிவிக்குப் போகாது. கன்சோலை நேராக டிவியில் சொருகி, டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் ரிசீவருக்கு எடுங்கள். 5.1 வரை கிடைக்கும், அதுவே போதுமானது. ஒன் எஸ்ஸில் ஆப்டிகல் வாய் இருக்கிறது, பிஎஸ்5-இலும் சீரிஸ் எக்ஸிலும் எடுத்துவிட்டார்கள்.

#12 நொய்யல்கரை (கோவை)

பெட்டி வாங்கிவிட்டேன். தீபாவளிக்கு மச்சானும் டிஸ்க்கோடு வந்தார். நேற்று இரவு போட்டோம். எதிர்பார்த்தது வரவில்லை, அதனால் மறுபடி உங்களிடம் வருகிறேன்.

ஒன்று, படம் சோகையாக இருந்தது. வானம் வெளுத்து, இருட்டு சாம்பல் நிறத்தில். கன்சோலில் 4கே டிவி விவரம் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் 4கேவுக்கு எதிரே டிக் விழுந்திருக்கிறது, எச்டிஆருக்கு விழவில்லை. டிவி எச்டிஆர் டிவிதான், பெட்டியில் எழுதியிருக்கிறது.

இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒட்டகங்கள் வரிசையாகப் போகும்போது கேமரா மெதுவாக இடமிருந்து வலமாக நகர்கிறது. அப்பா பத்து நிமிடம் பார்த்தார். "கண்ணு, ஓட்டம் சரியில்ல. கேட்ல எங்கியோ ஃபிலிம் பிடிச்சுப் பிடிச்சு விடுது" என்றார். கேட் என்றால் புரொஜெக்டரில் விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் இடம். எனக்கும் மச்சானுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு உற்றுப் பார்த்தால், ஆமாம், ஒரு நடுக்கம் இருக்கிறது. "பரவால்ல விடு" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

#13 கருந்திரை (சென்னை)

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகப் பிடித்திருக்கிறார்.

படம் எடுத்தது நொடிக்கு 24 ஃப்ரேம். கன்சோல் டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும். அரை ஃப்ரேம் காட்ட முடியாதே. அதனால் ஒரு ஃப்ரேமை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை, மறுபடி மூன்று, இரண்டு என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒரே வேகத்தில் நகர வேண்டிய ஒட்டகம் ஒரு ஃப்ரேமில் தங்கி, அடுத்ததில் அவசரமாகப் போகிறது. 31 வருடம் 24 ஃப்ரேமை ஓட்டிய கண்ணுக்கு அது கேட்டில் பிடித்து விடுவது போலத்தான் இருக்கும்.

வழி இருக்கிறது. கன்சோலின் வீடியோ அமைப்புகளில் '24 ஹெர்ட்ஸை அனுமதி' என்று ஒரு வரி இருக்கும், டிக் போடுங்கள். முன்பு வைத்திருந்தவர் எடுத்துவிட்டிருக்கலாம். அப்புறம் டிவியில் ஓட்டத்தை வழுவழுப்பாக்கும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் டிஸ்க் ப்ளேயரின் அமைப்பில் 24 ஹெர்ட்ஸைப் பாருங்கள். அங்கே டிஸ்க்குக்கு 24 கிடைக்கும், நெட்ஃப்ளிக்ஸ் 60-இல்தான் வரும்.

எச்டிஆர் வராததற்குக் காரணம் டிவியின் எச்டிஎம்ஐ வாய். புதிதாக வரும்போது பல டிவிகளில் அது பழைய வேகத்திலேயே பூட்டிக் கிடக்கும். சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டை என்ஹான்ஸ்டு ஆக்க வேண்டும், சாம்சங்கில் இன்புட் சிக்னல் ப்ளஸ், எல்ஜியில் டீப் கலர். மற்ற டிவிகளிலும் இதே மாதிரி ஏதாவது பெயரில் இருக்கும். கன்சோல் சொருகியிருக்கும் வாய்க்கு மட்டும் மாற்றினால் போதும். அதிவேகக் கேபிள் வேண்டும், கன்சோலோடு வந்ததே நல்ல கேபிள்தான்.

#14 செந்தோசாக்காற்று (சிங்கப்பூர்)

சாம்பல் இருட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கன்சோல் கருப்பை 16 என்று அனுப்ப, டிவி 0தான் கருப்பு என்று எண்ணிக்கொண்டால் எல்லாம் வெளுக்கும். நேர்மாறாக இருந்தால் இருட்டில் இருக்கும் விவரம் எல்லாம் மூழ்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வையுங்கள். படம் பார்க்க இரண்டையும் 16 முதல் 235 வரையிலான அளவில் வைப்பது எளிது.

#15 நொய்யல்கரை (கோவை)

சரியாகிவிட்டது!

கேபிளைக் கன்சோலோடு வந்ததாக மாற்றினேன். டிவியில் அந்த வாயைத் திறந்துவிட்டதும் திரை ஒரு கணம் அணைந்து வந்தது. கன்சோலின் விவரப் பக்கத்தில் எச்டிஆருக்கு எதிரே டிக் விழுந்தது. 24 ஹெர்ட்ஸில் உண்மையிலேயே டிக் இல்லை, போட்டேன்.

இன்று மாலை அப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். அதே ஒட்டகக் காட்சி. முன்னால் குனிந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். காட்சி முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சாய்ந்து உட்கார்ந்து, "இப்ப ஓடுது" என்றார். மணலில் காற்று அடித்த வரி வரியான கோடுகள் தெரிந்தன. தூரத்தில் ஒருவன் புள்ளியாக வரும் இடத்தில், புள்ளி எப்போது ஆளாக மாறுகிறது என்று அம்மா எழுந்து போய்த் திரைக்கு அருகில் நின்று பார்த்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் அப்பா கேட்கிறார். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வருமாம், அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினை ஓட விடுவாராம். படம் முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு புள்ளிகூட வரவில்லையே, ஏன்?

#16 கருந்திரை (சென்னை)

அந்தப் புள்ளி தியேட்டருக்கு அனுப்பும் பிரிண்டுக்கானது. 4கே டிஸ்க்குக்கு இந்த மாதிரிப் பழைய படங்களைப் பெரும்பாலும் கேமராவுக்குள் ஓடிய அசல் நெகட்டிவிலிருந்தே ஸ்கேன் செய்கிறார்கள். அப்பா கையில் வந்த பிரிண்ட் அந்த நெகட்டிவிலிருந்து சில தலைமுறை தள்ளிப் பிறந்தது. அவர் ஓட்டியதைவிட முந்தைய ஒன்றை இன்று பார்த்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

#17 யாழ்_நிலா (யாழ்ப்பாணம்)

வாசிக்கவே சந்தோசமாக இருக்கிறது அண்ணா. நான் கழற்றி மாட்டும் ட்ரைவ் உள்ள மெலிந்த மொடலையே எடுக்க முடிவு செய்துவிட்டேன். சித்தி அனுப்பிய 14 டிஸ்க்கில் 9-இல் ஏ, பி, சி மூன்றும் வடிவாகப் போட்டிருக்கிறது. மிச்சம் ஐந்தில் ஏ மட்டும்தான். அவற்றைக் கனடாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

#18 நொய்யல்கரை (கோவை)

கருந்திரை சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

நேற்றே எழுத விட்டுப்போன ஒன்று. அந்தப் படம் இரண்டு டிஸ்க்கில் வந்திருக்கிறது, இடைவேளையில் மாற்ற வேண்டும். நான் எழுந்தேன். "இரு" என்று என் கையிலிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்துத் தூசி பார்த்து, பனியன் நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்து, கன்சோல் உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை கையை எடுக்காமல் நின்றார். அடுத்த படம் ஞாயிறு சாயந்திரம் 6 மணிக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.